வாசகர் கேள்வி பதில்: தொட்டியிலும் தரையிலும் புகையிலை

சென்ற இதழில் கத்தரிக் குடும்பத்துச் செடிகளைப் பற்றி எழுதியபோது, மிளகாய், தக்காளியோடு புகையிலையும் அதே குடும்பம்தான் என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். ஈரம் என்ற சொல் பல பதில்களில் வரும். நம் ஊரில் இந்தச் செடிக்கு வரும் கேட்டில் பெரும்பகுதி அதனால்தான்.

விதையை இரண்டு முறை தூவினேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழசாக இருக்குமோ?
(வாசகி, செந்தூல்)

விதையின்மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் அது மண்ணுக்குள் புதைந்திருக்கும். ஒரு கிராம் புகையிலை விதையில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும். கடுகோடு ஒப்பிட்டால்கூட தூசுதான். அது முளைக்க வெளிச்சம் வேண்டும். அரை சென்டிமீட்டர் மண் மேலே விழுந்தாலே வெளியே வராது.

சாப்பாடு தாப்பாவ் செய்யும் (கட்டிவாங்கும்) பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். சூடான ஆணியால் அடியில் எட்டு ஓட்டை போடுங்கள். தேங்காய் நார்த்தூள் மூன்று பங்கு, உமிக்கரி ஒரு பங்கு கலந்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, மூன்று சென்டிமீட்டர் உயரம் நிரப்புங்கள். கொதிநீரை ஊற்றி ஆறவிடுங்கள். ஒரு சிட்டிகை விதையை ஒரு தேக்கரண்டி காய்ந்த மணலோடு கலந்து தூவினால் ஓரிடத்தில் கொட்டாது. மேலே மண் போடாமல் கரண்டியின் அடிப்புறத்தால் மெதுவாக அழுத்திவிடுங்கள். தண்ணீரை மேலிருந்து ஊற்றவே கூடாது. பூவாளி என்றாலும் விதை மூலைக்கு ஒதுங்கிவிடும். ஒரு தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் வைத்து டப்பாவைப் பத்து நிமிடம் அதில் நிறுத்தி எடுங்கள். மேல்மண் கறுத்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள்.

மூடியைப் பாதி சாய்த்து, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். ஏழு முதல் பத்து நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். அன்றைக்கே மூடியை எடுத்துவிட வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். முளைத்த பிறகும் மூடியே வைத்தால் நாற்றழுகல் வந்துவிடும். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூல்போல இளைத்து, பழுப்புநிறத்தில் கசிந்து, நாற்று அப்படியே சாய்ந்து படுக்கும். இலை மட்டும் பச்சையாகவே இருப்பதால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். மறுநாள் காலையில் பக்கத்து நாற்றுகளும் சாய்ந்திருக்கும். சாய்ந்ததைப் பிழைக்க வைக்க முடியாது. அதைச் சுற்றி ஒரு கரண்டி அகலத்துக்கு மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒரு நாள் காயவிட்டு, மின்விசிறிக் காற்று மெல்லப் படும்படி வையுங்கள்.

நான்கு இலை வந்ததும் தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கி, நாற்றுக்கு ஒரு காகிதக் கோப்பையில் மாற்றுங்கள். விதைத்து ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு சாண் உயரம் வந்ததும் நடலாம்.

எந்த மாதத்தில் விதைப்பது? கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை சொல்லும் மாதம் இங்கே ஒத்துவரவில்லை.
(வாசகர், பாயான் லெப்பாஸ்)

ஒத்துவராதுதான். பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. அக்டோபர் நடுவில் கூரைக்கு அடியில் விதைத்து, டிசம்பர் தொடக்கத்தில் நட்டால், இலை முற்றும் நேரம் வறட்சியில் வரும். கோலாலம்பூரில் மார்ச், ஏப்ரல், மறுபடி அக்டோபர், நவம்பர் என்று இரண்டு மழை. அங்கே ஏப்ரலில் விதைத்து, மே இறுதியில் நட்டு, ஜூன், ஜூலையின் குறைந்த மழையைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கொண்டோவில் பதினோராவது மாடி. எவ்வளவு பெரிய பூச்சாடி வேண்டும்? வெயில் காலையில் மட்டும்தான் வருகிறது.
(வாசகி, செராஸ்)

இலைப் புகையிலை ஆள் உயரத்துக்கு வளரும். அதற்கு 20 லிட்டருக்குக் குறையாத, 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள சாடி வேண்டும். ஒரு சாடிக்கு ஒரே செடி. பத்து லிட்டர் சாடியிலும் வளரும், ஆனால் இடுப்பளவில் நின்று சீக்கிரம் பூத்துவிடும், இலையும் சிறுக்கும். உங்களுக்கு இடம் குறைவென்றால் பூவுக்காக வளர்க்கும் பூப்புகையிலை வகை நல்லது. முழங்கால் உயரம்தான், ஐந்து லிட்டர் சாடியே போதும், வெள்ளைப் பூ வகை மாலையில் மணக்கும்.

கலவைக்கு நார்த்தூள் இரண்டு பங்கு, மக்கிய கூட்டுரம் ஒரு பங்கு, உமிக்கரியோ ஆற்று மணலோ ஒரு பங்கு. கையில் இறுக்கிப் பிடித்து விட்டால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். வெயில் குறைந்தது ஐந்து, ஆறு மணிநேரம் வேண்டும். காலையில் எட்டிலிருந்து ஒன்று வரை கிடைக்கிறதென்றால் போதும். பத்து மணிக்கே போய்விடுகிறதென்றால் செடி வெளிச்சத்தைத் தேடி நீண்டு, இலை காகிதம்போல மெலியும்.

பதினோராவது மாடியில் வெயிலைவிடக் காற்றுதான் தொல்லை. முழு இலை ஒரு முழ நீளம் வரும், பாய்மரம்போலக் காற்றை வாங்கும். நடும்போதே ஒன்றரை மீட்டர் மூங்கில் குச்சி ஊன்றி, 30 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். செடி வளர்ந்த பிறகு குச்சி ஊன்றினால் வேர் அறுபடும். கம்பிக்கு வெளியே சாடி தொங்கவிடாதீர்கள். கீழே நடப்பவர் உயிர் நம் பொறுப்பு.

சாடிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறும், அதோடு ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975-ன் கீழ் வீட்டுக்காரருக்கே தண்டம் விழும். தட்டை எடுத்துவிட்டு, சாடியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

தரைவீடு, சிவந்த களிமண். செம்பனைக்குப் போடும் சிவப்பு உரம் வீட்டில் மீதி இருக்கிறது. போடலாமா?
(வாசகர், கெப்போங்)

வேண்டாம். அது பொட்டாசியம் குளோரைடு. புகையிலைக்குப் பொட்டாசியம் நிறைய வேண்டும், குளோரைடு ஆகாது. குளோரைடு ஏறிய இலை தடித்து, எளிதில் ஒடிந்து, பறித்த பிறகு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அப்படிப்பட்ட இலை காய்வதே இல்லை. பொட்டாசியம் சல்பேட் கலந்த உரமா என்று பையில் படித்துப் பார்த்து வாங்குங்கள். நர்சரியில் கிடைக்கும் 12-12-17 நீல உரம் பெரும்பாலும் அந்த வகை.

களிமண்ணில் பள்ளம் தோண்டி நடாதீர்கள், மழை பெய்தால் அது கிணறாகிவிடும். கூட்டுரமும் மணலும் கலந்து ஒரு முழங்கை உயரம் மேட்டுப்பாத்தி கட்டுங்கள். மண் புளிப்பாக இருக்கும் என்பதால் நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 100 கிராம் டோலமைட் சுண்ணாம்பு தூவிக் கிளறுங்கள். செடிக்குச் செடி 60, வரிசைக்கு வரிசை 90 சென்டிமீட்டர். நட்ட பத்தாம் நாள் செடிக்கு ஒரு தேக்கரண்டி உரம், நான்காம் வாரம் இரண்டு தேக்கரண்டி. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகப் போட்டு மூடுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தழைச்சத்து போனால் இலை கரும்பச்சையாகவே நின்று முற்றாது.

புகையிலைக்குப் பக்கத்தில் இருந்த மிளகாய்ச் செடிகளில் இலை வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி, சுருங்குகிறது. உரக் குறையா?
(வாசகி, பட்டர்வொர்த்)

உரக் குறை என்றால் நிறம் ஓர் ஒழுங்கில் மாறும். அடி இலை முழுதும் மஞ்சளாகும், அல்லது நரம்பு பச்சையாக நின்று நடுவே வெளுக்கும். திட்டுத்திட்டாக, மேடுபள்ளமாக, புது இலையில் வருகிறதென்றால் அது தேமல் நோய். புகையிலைத் தேமல் வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பி அசுவினி (செடிப்பேன்) இருக்கிறதா பாருங்கள். அசுவினி கொண்டுவரும் வேறு தேமலும் உண்டு. ஆனால் புகையிலைத் தேமல் பூச்சியால் வருவதில்லை, நம் கையால் வருகிறது.

உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட வைரஸ் இதுதான். 1892-ல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி, நோய்ப்பட்ட இலைச்சாற்றை பாக்டீரியா தாண்ட முடியாத வடிகட்டியில் வடித்தும் அது நோயைப் பரப்பியதைக் காட்டினார். 1898-ல் ஹாலந்தின் பெய்யரிங்க் இது பாக்டீரியாவே இல்லை, வேறொன்று என்றார். மிகக் கெட்டியான கிருமி இது. காய்ந்த இலையில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சிகரெட்டுத் தூளிலும் இருக்கலாம். அதனால் புகை பிடிப்பவர் கை கழுவாமல் மிளகாய்க்குக் கொழுந்து கிள்ளினால், உங்கள் வீட்டில் ஒரு புகையிலைச் செடிகூட இல்லாவிட்டாலும் நோய் வரும்.

மருந்து கிடையாது. திட்டு விழுந்த செடிகளை வேரோடு பிடுங்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கத்தரிக்கோலை ஒரு பங்கு குளோரெக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்), ஒன்பது பங்கு தண்ணீரில் நனைத்துக் கழுவுங்கள். கைக்கு வேறு வழி இருக்கிறது: ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து, ஒவ்வொரு செடிக்கும் இடையே விரலை அதில் முக்குங்கள். பாலின் புரதம் வைரஸைப் போர்த்திவிடுகிறது. நாற்றுப் பண்ணைகளில் செய்வதுதான், வீட்டிலும் பலிக்கும். இனிமேல் மிளகாய், தக்காளி, கத்தரியைப் புகையிலையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். தினமும் முதலில் மிளகாயைத் தொடுங்கள், புகையிலையைக் கடைசியில்.

இதே கடிதத்தில், புகையிலையைக் கொதிக்க வைத்த தண்ணீரைப் பூச்சிக்குத் தெளிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊரில் செய்தார்கள் என்பது உண்மை, ஆனால் செய்யாதீர்கள். அந்தத் தண்ணீரில் இருப்பது நிக்கோட்டின். தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், தேனீயையும் கொல்லும், தேமலையும் மிளகாய்க்குக் கொண்டுசேர்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு மில்லி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து மாலையில் தெளித்தால் அசுவினிக்குப் போதும்.

நல்ல மழைக்குப் பிறகு, பகலில் வாடி மாலையில் நிமிர்ந்தது. நான்காம் நாள் நிமிரவே இல்லை. இலை ஒன்றும் மஞ்சளாகவில்லை.
(வாசகர், ஆயர் ஈத்தாம்)

பச்சையாகவே வாடியது என்பதுதான் துப்பு. பாக்டீரியா வாடல் என்று சந்தேகப்படுங்கள். உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளம் வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் முங்கும்படி தொங்கவிட்டு, கறுப்புத் துணிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போல வெள்ளைப் புகை நூலிழையாக இறங்கினால் அதுதான். அது தண்டுக்குழாய்களை அடைத்துக்கொண்டிருந்த பாக்டீரியாக் கூட்டம். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் வேரழுகலைத் தேடுங்கள்; வேரின் தோல் கையோடு உரிந்து வரும்.

வாடல் என்றால் அந்த மண்ணில் சில ஆண்டுகளுக்குக் கத்தரிக் குடும்பத்துச் செடி எதுவும் நடாதீர்கள். சோளம், செரை (எலுமிச்சைப்புல்) போன்றவை வைக்கலாம். தொட்டி என்றால் மண்ணைக் கொட்டிவிட்டு, சாடியைக் குளோரெக்ஸ் தண்ணீரில் கழுவுங்கள்.

இலையில் ஓட்டை. புழுவையே காணோம்.
(வாசகி, ஸ்தாப்பாக்)

இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். வெட்டுப்புழு பகலில் மண்ணிலும் சாடியின் விளிம்பிலும் ஒளிந்துகொள்ளும். பகலில் இலையின் அடிப்புறத்தில் பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைத் திட்டு தெரிந்தால், அந்த இலைத்துண்டோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஒரு திட்டு என்றால் நூறு புழுக்களுக்கு மேல். ஓட்டையின் ஓரத்தில் பளபளவென்று கோடு ஓடினால் அது நத்தை.

பூ அழகாக வந்திருக்கிறது. கிள்ளச் சொல்கிறார்கள், மனம் வரவில்லை.
(வாசகி, ஜெலுத்தோங்)

கிள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டியது பூ என்றால் கிள்ளுவதற்கு ஒரு காரணமும் இல்லை. இலைக்காக வளர்ப்பவர்கள்தான் முதல் மொட்டு இளஞ்சிவப்பாகும்போது நுனியை முறிப்பார்கள். முறித்தால் விதைக்குப் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்பி, இலை தடிக்கும், நிக்கோட்டினும் கூடும். முறித்த பிறகு ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் பக்கக் கிளை வரும். வாரம் ஒருமுறை கிள்ளாவிட்டால் முறித்தது வீண்.

விதை எடுக்க, பூ விரியும் முன் ஒரு கொத்துக்கு மெல்லிய வலைப்பை கட்டுங்கள். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். காய் பழுப்பாகிக் காய்ந்ததும் கொத்தோடு வெட்டி காகித உறையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மழையில் விட்டால் காய்க்குள்ளேயே பூசணம் பிடிக்கும்.

மழை நின்றதும் அம்மா அடி இலைகளைப் பறித்தார். ஒரு மணிநேரத்தில் தலைசுற்றல், குமட்டல். இதற்கும் செடிக்கும் தொடர்பு உண்டா?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

உண்டு. பச்சை இலையின்மேல் மழைத்தண்ணீர் இருக்கும்போது நிக்கோட்டின் அதில் கரைந்து தோல் வழியாக இறங்குகிறது. புகையிலை வயல்களில் வேலை செய்பவர்களுக்கு அடிக்கடி வருவதுதான்: தலைசுற்றல், வாந்தி, தலைவலி, உடல் சோர்வு. பெரும்பாலும் ஒருநாளில் தணியும். உடனே ஈரத் துணியை மாற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு படபடத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், புகையிலைச் செடி என்று சொல்லுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் இதற்கு வழிகாட்டும்.

இனி இலை காய்ந்த பிறகே பறியுங்கள், ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொட வேண்டாம். இன்னொன்றும் மனசில் வையுங்கள்: இளம் புகையிலை பார்வைக்குக் கீரைபோலவே இருக்கும். கீரைப்பாத்திக்குப் பக்கத்தில் அதை வைத்தால், சமைக்கும் அவசரத்தில் யாராவது கிள்ளிவிடலாம்.

இலையைக் காயவைத்தேன். வெயிலில் வைத்தது பச்சையாகவே காய்ந்தது, வீட்டுக்குள் வைத்தது பூஞ்சை பிடித்தது.
(வாசகர், பாலிக் பூலாவ்)

இரண்டுக்கும் காரணம் வேகம்தான். இலை மஞ்சளாவது உயிருள்ள வேலை. வெயிலில் ஒரே நாளில் அது செத்துவிட்டால் பச்சையம் சிதைய நேரமில்லை. அந்தப் பச்சை பிறகு மாறாது. மெதுவாக மஞ்சளாக வேண்டும், அதன் பிறகு சீக்கிரம் காய வேண்டும். கிளந்தானில் சூடேற்றிய கொட்டகைகளில் வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்தி ஒரு வாரத்துக்குள் இதை முடித்தார்கள். வீட்டு அடுப்பிலோ ஓவனிலோ முயலாதீர்கள், நிக்கோட்டின் ஆவி அறைக்குள் நிற்கும்.

அடி இலை நுனியில் மஞ்சளேறி, காம்பை கீழே வளைத்தால் பட்டென்று முறியும்போது பறியுங்கள். காம்பில் ஊசி நூல் கோத்து, இலைக்கு இலை மூன்று விரல் இடைவெளி விட்டு நிழலில் தொங்கவிடுங்கள். முழுதும் மஞ்சளாகும் வரை காற்றைத் தடுத்து, பிறகு மின்விசிறியை இரவும் பகலும் ஓடவிடுங்கள். பூஞ்சை எப்போதும் நடுநரம்பில், இரண்டு இலை ஒட்டிய இடத்தில், வெள்ளைப் பஞ்சாகத் தொடங்கும். இலை மொறுமொறுவென்று இருந்தாலும் நடுநரம்பு வளைந்தால் காயவில்லை. ஒடிந்தால்தான் காய்ந்தது. நாலு முதல் எட்டு வாரம் ஆகும்.

பாட்டி வெற்றிலையோடு புகையிலை போடுவார். மருந்து அடிக்காமல் வீட்டில் வளர்த்தது கடைச் சரக்கைவிட நல்லதுதானே?
(வாசகி, செந்தூல்)

இல்லை அம்மா. புற்றுநோயை உண்டாக்குவது பூச்சிமருந்து அல்ல, இலை. காயும்போதும் பதப்படும்போதும் நிக்கோட்டினிலிருந்தே புற்றூக்கிப் பொருள்கள் பிறக்கின்றன. அது உங்கள் பால்கனி இலைக்கும் பொருந்தும். பாக்கும் தனியாகவே புற்றூக்கி. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் விகிதம் நம் சமூகத்தில்தான் அதிகம், மெல்லும் பழக்கமே முதற்காரணம். பாட்டியின் வாயில் இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் இறுக்கம் எது இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். நல்ல வெற்றிலைக்கொடி வளர்க்கும் முறையை அடுத்த இதழில் தனியாக எழுதுகிறோம்.

சட்டப்படி வளர்க்கலாமா? விதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைக்கிறேன்.
(வாசகர், புக்கிட் மெர்தாஜம்)

புகையிலைப் பயிர் தேசிய கெனாஃப், புகையிலை வாரியத்தின் கீழ் வருகிறது. அதற்கான சட்டம் 2009-ல் வந்தது. ஒரு செடி என்றாலும் நடும் முன் வாரியத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. காய்ந்த இலையை விற்கும் எண்ணமே வேண்டாம். விதை தபாலில் வர விவசாயத் துறையின் இறக்குமதி அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள்.

செடி முடிந்ததும் தண்டைக் கூட்டுரத்தில் போடலாமா?
(வாசகி, செராஸ்)

காய்கறிக்குப் போடும் கூட்டுரத்தில் வேண்டாம். தேமல் வைரஸ் வீட்டுக் குவியலின் சூட்டுக்குச் சாகாது. வேரையும் தோண்டியெடுத்து, தண்டோடு பையில் கட்டிக் குப்பை வண்டி வரும் நாளில் போடுங்கள். எரிக்காதீர்கள், அந்தப் புகையும் நிக்கோட்டின்தான். சாடி மண்ணைச் செம்பருத்திக்கோ வாழைக்கோ போட்டுவிடலாம்.